கையெழுத்து முதலில், தீர்ப்பு அப்புறம்

கேள்வி: நாங்கள் டெக்ஸஸில், டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், சேர்த்து வருடத்துக்கு 1,90,000 டாலர் வரும். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஃபாஸ்டர் பெற்றோராக, அதாவது அரசுப் பொறுப்பில் உள்ள குழந்தைகளைத் தற்காலிகமாக வீட்டில் வளர்ப்பவர்களாக, பதிவு செய்து, ஒன்றரை வருடமாக ஒரு அக்காவும் தம்பியும் எங்கள் வீட்டில் வளர்கிறார்கள். அவளுக்கு 12 வயது, பிப்ரவரியில் 13 ஆகும். அவனுக்கு 7. பெற்றவர்களின் உரிமையைக் கோர்ட் ரத்து செய்துவிட்டது, இந்த 2025 நவம்பரில் தத்துத் தீர்ப்பு வந்துவிடும் என்கிறார்கள். இப்போது கேஸ்வொர்க்கர் (பிள்ளைகளின் விவகாரத்தைக் கவனிக்கும் ஊழியர்) 'அடாப்ஷன் அசிஸ்டன்ஸ்', அதாவது தத்து உதவித்தொகை, என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருக்கிறார். என் கணவர், "நமக்கு எதுக்கு கவர்மென்ட் காசு, இல்லாதவங்களுக்குப் போகட்டும், வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாம்" என்கிறார். மதுரையில் இருந்து மாமியார், காசுக்காகப் பிள்ளை எடுத்தார்கள் என்று நாலு பேர் பேசுவார்களே என்கிறார். பையனுக்குப் பேச்சு இன்னும் தெளியவில்லை, தெரபிக்குப் போகிறான். பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த வருடம் வேலைக்காக நியூ ஜெர்ஸி போக வேண்டி வரலாம். என் கணவர் அமெரிக்கக் குடிமகன், நான் கிரீன் கார்டில் இருக்கிறேன், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அதற்கு இது இடைஞ்சலாகுமா? வரியில் பெரிய தொகை கிடைக்கும் என்று ஒரு தோழி வேறு சொன்னாள். என்ன செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்:

மற்றதை அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள், முதலில் இது: அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வேண்டாம் என்று எழுதியும் கொடுக்காதீர்கள். நீதிபதி தீர்ப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் இருவரும், அரசுத் தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தீர்ப்பு வந்த மறுநாள் மனம் மாறிப் போய் நின்றால், விதிவிலக்கான காரணம் இருந்தது என்று மேல்முறையீட்டு விசாரணையில் நிரூபித்தால்தான் உண்டு. அந்த வழி இருக்கிறதே தவிர, கரடுமுரடான வழி.

உங்கள் கணவரின் எண்ணம் நல்ல எண்ணம்தான், ஆனால் அது தப்பான அனுமானத்தில் நிற்கிறது. இது வசதியில்லாத பெற்றோருக்கான உதவித் திட்டம் என்று நினைக்கிறார். அப்படி இல்லை. 1980-ல் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த சட்டத்தில் இருந்து வருகிற உதவி இது, சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தின் டைட்டில் 4-ஈ என்று உங்கள் காகிதத்திலேயே எங்காவது இருக்கும். தத்தெடுக்கிறவர்களின் வருமானத்தை வைத்துத் தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. முன்பெல்லாம் ஒரு வருமானக் கணக்கு பார்த்தார்கள்தான், அது உங்கள் வருமானம் இல்லை, குழந்தையைப் பெற்ற குடும்பம் 1996-ல் இருந்த பழைய வறுமைக் கோட்டுக்குள் வந்திருக்குமா என்ற கணக்கு. 2008-ல் வந்த சட்டம் அதையும் குழந்தைகளின் வயதுவாரியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டது. ஆகவே 1,90,000 வாங்கினாலும் சரி, 4,00,000 வாங்கினாலும் சரி, தகுதி குழந்தைகளுடையது. நீங்கள் வேண்டாம் என்றால் அந்தப் பணம் இன்னொரு ஏழை வீட்டுக்குப் போய்ச் சேராது, உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

எந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் என்பதற்கு 'ஸ்பெஷல் நீட்ஸ்' என்ற பெயரில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் நம் ஆட்கள் பதறிப்போய், "எங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே, ஏன் அவளை அப்படி எழுதறாங்க?" என்று கேஸ்வொர்க்கரோடு சண்டைக்கே போகிறார்கள். உடல் ஊனமோ நோயோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெற்றவர்களிடம் திரும்பிப் போக முடியாத குழந்தை, வயதோ இனமோ உடன்பிறந்தவர்களோ உடல்நிலையோ காரணமாக உதவி இல்லாமல் வீடு கிடைப்பது கடினமாகிற குழந்தை, அவ்வளவே. டெக்ஸஸில் ஆறு வயதோ அதற்கு மேலோ ஆனாலே போதும். அக்கா தம்பியாகச் சேர்த்து ஒரே வீட்டுக்கு வந்தால் அதுவும் போதும். உங்கள் பிள்ளைகள் இருவரும் இரண்டு வழியிலும் உள்ளே வந்துவிடுகிறார்கள், பையனுக்குப் பேச்சுத் தெரபி என்பது மூன்றாவது காரணம். உதவி இல்லாமலே தத்துக் கொடுக்க முயன்று பார்த்தார்களா என்று ஒரு நிபந்தனையும் உண்டு, ஆனால் குழந்தை ஏற்கெனவே ஒரு வீட்டில் ஒட்டிவிட்டது, பிரிப்பது அதற்கு நல்லதில்லை என்றால் அந்த முயற்சி தேவையில்லை என்று சட்டமே விட்டுவிடுகிறது.

சரி, எவ்வளவு? தத்துத் தொகை, அந்தக் குழந்தை ஃபாஸ்டர் கேரிலேயே இருந்திருந்தால் உங்களுக்கு வந்திருக்கும் தொகையைத் தாண்டக் கூடாது என்பது மத்திய விதி, அதற்குள் ஒவ்வொரு மாநிலமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. டெக்ஸஸ் இதில் தாராளமான மாநிலம் கிடையாது. வெகுகாலமாக ஒரு பிள்ளைக்கு மாதம் 400 டாலர், தேவை அதிகம் உள்ள பிள்ளைக்கு 545 என்பதுதான் உச்சவரம்பாக இருந்து வந்திருக்கிறது. 400 என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்கு 18 ஆக ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது, அவனுக்குப் பத்து வருடத்துக்கு மேல். குறைத்துக் கணக்குப் போட்டாலே 72,000 டாலர். அதற்கு வருமான வரி கிடையாது. எதற்குச் செலவழித்தீர்கள் என்று பில் கேட்கிற வழக்கமும் இல்லை. இது போக, தத்துக்கு ஆகிற வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம் போன்ற ஒருமுறைச் செலவைத் திருப்பித் தர மத்திய அரசு ஒரு குழந்தைக்கு 2,000 டாலர் வரை அனுமதிக்கிறது, டெக்ஸஸ் அதை 1,200-ல் நிறுத்திக்கொள்கிறது. ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது மாமியாரின் கவலைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கடிதங்களில் பாதியில் உண்மையான கேள்வி அதுதான். நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் கணக்குத் தெரிந்தவன் அப்படிப் பேச மாட்டான். தத்துத் தொகை ஃபாஸ்டர் தொகையை மிஞ்ச முடியாது, டெக்ஸஸில் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். காசுதான் நோக்கம் என்றால் யாராவது தத்தெடுப்பார்களா, ஃபாஸ்டர் பெற்றோராகவே தொடர்ந்திருப்பார்கள். காசு குறையும் என்று தெரிந்தே பொறுப்பைக் கூட்டிக்கொள்கிறீர்கள். அத்தையிடம் இதை இப்படியே சொல்லுங்கள். இன்னொன்று, அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேரில் இருக்கும் குழந்தைகள் மூன்று லட்சத்துக்கு மேல், அதில் இருந்து வருடத்துக்குத் தத்துப் போகிறவர்கள் சுமார் 50,000 பேர். அரசு சம்பளம் கொடுத்து ஆள் வைத்து வளர்ப்பதை விட ஒரு குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுப்பது குழந்தைக்கும் நல்லது, கஜானாவுக்கும் மலிவு. உங்கள் மேல் இரக்கப்பட்டு யாரும் கொடுக்கவில்லை.

"பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. 12 வயதில் அமைதியாக, படிப்பில் கெட்டியாக, தம்பியைத் தானே தாயாக நின்று பார்த்துக்கொள்கிற பெண் 14, 15-ல் தூங்க முடியாமல், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்வது எனக்குத் தெரிந்த வீடுகளில் நடந்திருக்கிறது. எல்லோருக்கும் நடக்கும் என்று பயமுறுத்தவில்லை, நடக்காமலே போகலாம். நடந்தால் மனநல சிகிச்சை அலுவலக இன்சூரன்ஸ் இருந்தாலும் டிடக்டிபிள், கோ-பே என்று நம் கையில் இருந்து கட்ட வேண்டிய பங்கை வருடக்கணக்கில் உறிஞ்சும். அந்தச் சமயத்தில் கையில் ஒப்பந்தம் இருந்தால், தேவை கூடிவிட்டது, தொகையை மறுபடி பேசலாம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கும். ஒப்பந்தமே இல்லை என்றால் பேசுவதற்கு மேசையே இல்லை. பதிலுக்கு, பொதுவாக எல்லா ஃபாஸ்டர் தொகையையும் மாற்றும்போது தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் அரசு தொகையைக் குறைக்கவும் முடியாது. மறுத்தால் மேல்முறையீட்டு விசாரணை கேட்கலாம்.

மாதத் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மெடிக்எய்ட், அதாவது அரசு தரும் மருத்துவக் காப்பீடு. தத்துக்குப் பிறகும் பிள்ளைகள் இருவருக்கும் அது தொடரும், உங்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல். உங்கள் ஆபீஸ் இன்சூரன்ஸிலும் சேருங்கள், தீர்ப்பு வந்ததில் இருந்து 30 நாளுக்குள் எச்.ஆரிடம் சொல்லிவிட வேண்டும், அதற்கு ஓபன் என்ரோல்மென்ட் எனும் வருடாந்திரப் பதிவுக் காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை. அலுவலக இன்சூரன்ஸ் முதலில் கொடுக்கும், மிச்சத்தை மெடிக்எய்ட் பார்த்துக்கொள்ளும். எல்லா டாக்டரும் மெடிக்எய்ட் எடுக்க மாட்டார்கள் என்பது உண்மை, பையனின் தெரபிஸ்ட் இப்போது எடுக்கிறாரா, தத்துக்குப் பிறகு பிளான் மாறும்போதும் எடுப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஃபாஸ்டரில் இருந்தபோது ஸ்டார் ஹெல்த் என்ற பிளானில் இருந்திருப்பான், தத்தான பிறகு ஸ்டார் அல்லது ஸ்டார் கிட்ஸ் பிளானுக்கு மாறுவார்கள். அந்த மாற்றத்தில் நடுவில் ஒரு மாதம் அப்பாயின்ட்மென்ட் தடைபடுவதுதான் வழக்கமான தலைவலி.

காசு வேண்டாம், மெடிக்எய்ட் மட்டும் போதும் என்று பூஜ்ய டாலர் ஒப்பந்தம் போடலாமா என்று உங்கள் கணவர் கேட்கலாம். மத்திய விதிப்படி அப்படி ஒன்று போட முடியும், பல மாநிலங்களில் போடுகிறார்கள். டெக்ஸஸில் நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம் கல்லூரி. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மாநில அரசுக் கல்லூரிகளில் டியூஷனும் கட்டணமும் தள்ளுபடி என்று டெக்ஸஸ் சட்டம் வைத்திருக்கிறது, யூ.டி. ஆஸ்டின், ஏ அண்ட் எம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் யாருக்கு? மாதத் தொகையும் மருத்துவ உதவியும் கொடுத்த ஒப்பந்தம் உள்ள பிள்ளைக்கு. வெறும் கோர்ட் செலவை மட்டும் திருப்பித் தருகிற ஒப்பந்தம் போதாது என்று சட்டத்திலேயே எழுதி இருக்கிறது. கௌரவம் பார்த்து இன்று மாதம் 400 டாலரை விட்டால், ஆறு வருடம் கழித்து அந்தப் பெண் இன்ஜினியரிங் சேரும்போது நாலு வருட டியூஷனை விட்டதாக ஆகிவிடும். அப்போது அவள் ஏன் என்று கேட்டால் உங்கள் கணவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

கல்லூரி என்றதும் இன்னொரு விஷயம். 13 வயது ஆன பிறகு எப்போதாவது ஃபாஸ்டர் கேரில் இருந்த மாணவர், பின்னால் தத்துப் போயிருந்தாலும், ஃபாஃப்சா எனும் கல்லூரி நிதி உதவி விண்ணப்பத்தில் தனித்த மாணவராகக் கருதப்படுவார், அதாவது உங்கள் வருமானம் கணக்கில் வராது. உங்கள் பெண்ணுக்கு பிப்ரவரியில் 13. தீர்ப்பு நவம்பரில். யாராவது ஒருவர், உங்கள் தோழியோ கேஸ்வொர்க்கரோ, "மூணு மாசம் தள்ளிப் போட்டுடுங்களேன், காலேஜ் உதவிக்கு நல்லது" என்று சொல்லத்தான் போகிறார்கள். வெறும் காசுக் கணக்கில் அது உண்மை. செய்யாதீர்கள். அந்தப் பெண்ணிடம் போய் என்ன காரணம் சொல்லித் தள்ளிப் போடுவீர்கள்? பாதி வளர்ந்த பிள்ளை, தேதியை மனப்பாடமாக வைத்திருப்பாள். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நியூ ஜெர்ஸி இருக்கிறது. தத்து முடியாமல் ஃபாஸ்டர் பிள்ளையோடு மாநிலம் மாறுவதென்றால் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும், அது எளிதில் நகராத நடைமுறை, அதற்குள் உங்கள் கம்பெனி சேரும் தேதியை நிர்ணயித்துவிடும். நவம்பரிலேயே முடியுங்கள்.

முடித்த பிறகு மாறினால் பிரச்சினை கம்மி. டெக்ஸஸோடு போட்ட ஒப்பந்தம் நீங்கள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் செல்லும், டெக்ஸஸே தொடர்ந்து பணம் அனுப்பும். மெடிக்எய்ட் மட்டும் போய்ச் சேருகிற மாநிலம் தர வேண்டும். இதில் கேஸ்வொர்க்கரிடம் இன்றே கேட்க வேண்டிய ஒரு கேள்வி: இந்த ஒப்பந்தம் டைட்டில் 4-ஈ மத்திய நிதியிலா, இல்லை மாநில நிதியில் மட்டுமா? மத்திய நிதி என்றால் நியூ ஜெர்ஸி மெடிக்எய்ட் கொடுத்தே ஆக வேண்டும். மாநில நிதி என்றால் அது இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான ஏற்பாட்டைப் பொறுத்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நிதி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டெக்ஸஸின் டியூஷன் தள்ளுபடி டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வேலை மாற்றத்தை யோசியுங்கள்.

இனி வரி. என் தொழில் இது, கொஞ்சம் நீளும்.

தோழி சொன்னது சரிதான். 2025-ல் முடிகிற தத்துக்கு மத்திய வரியில் ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை கிரெடிட் உண்டு, அதாவது கட்ட வேண்டிய வரியில் இருந்து நேராகக் கழியும் தொகை. தனியார் ஏஜென்சி வழியாகப் பச்சைக் குழந்தையைத் தத்தெடுப்பவர்கள் பல்லாயிரம் டாலர் செலவழித்து, அந்தச் செலவைக் காட்டித்தான் இதை வாங்க வேண்டும். ஃபாஸ்டர் கேரில் இருந்து எடுக்கும் உங்களுக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, அதனால் கிரெடிட்டும் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பிள்ளை 'ஸ்பெஷல் நீட்ஸ்' என்று மாநிலம் தீர்மானித்திருந்தால் ஒரு டாலர்கூடச் செலவழிக்காவிட்டாலும் முழுத் தொகையும் கேட்கலாம். இரண்டு பிள்ளை, 34,560 டாலர். ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் கேட்கிற முக்கியமான சான்று, உங்கள் கணவர் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற அதே ஒப்பந்தம்தான். அதை விட்டால் மாதத் தொகை மட்டும் இல்லை, இதுவும் ஆட்டம் காணும்.

வருமான வரம்பு இங்கே உண்டு. 2025-ல் 2,59,190 டாலரைத் தாண்டினால் கிரெடிட் குறைய ஆரம்பித்து 2,99,190-ல் இல்லாமல் போகும். நீங்கள் அதற்குக் கீழே பத்திரமாக இருக்கிறீர்கள். 2025-ல் வந்த புதுச் சட்டத்தால் ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. முன்னால் கட்ட வேண்டிய வரி எவ்வளவோ அதுவரைதான் கிரெடிட் பயன்படும். இப்போது ஒரு பிள்ளைக்கு 5,000 டாலர் வரை, வரியே இல்லாவிட்டாலும் ரொக்கமாகத் திரும்பி வரும். உங்கள் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 1,90,000-ம் சம்பளம்தான், 401-கே ஓய்வுகாலச் சேமிப்பு எதுவும் கழிக்கவில்லை, எல்லோருக்கும் பொதுவான ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கழிவு 31,500 என்று வைத்தால் வரி சுமார் 24,700 வரும். சைல்ட் டாக்ஸ் கிரெடிட் பிள்ளைக்கு 2,200 வீதம் 4,400 முதலில் போகும். மீதி 20,300-ஐ தத்துக் கிரெடிட் துடைத்துவிடும். ரொக்கமாக வரும் 10,000 தனி. இன்னும் 4,000 டாலருக்குச் சற்று மேல் மிச்சம் நிற்கும், அதை அடுத்த ஐந்து வருடத்துக்குள் கழித்துக்கொள்ளலாம், ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். சம்பளத்தில் வரி ஏற்கெனவே பிடித்திருப்பார்கள் அல்லவா, அது கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பி வரும் என்று அர்த்தம். தனித்தனியாக வரி தாக்கல் செய்யும் பழக்கம் இருந்தால் இந்த வருடம் விடுங்கள், தம்பதியர் சேர்ந்து தாக்கல் செய்தால்தான் பொதுவாக இது கிடைக்கும்.

தத்துக் கிரெடிட் கேட்கும் படிவமான ஃபார்ம் 8839-ஓடு தீர்ப்பின் நகலையும் ஒப்பந்தத்தின் நகலையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். 2010, 2011 வரி ஆண்டுகளில் இந்தக் கிரெடிட் முழுவதுமாக ரொக்கமாகத் திரும்பி வருகிறதாக இருந்தது. அப்போது, 2012 தாக்கல் காலத்தில், இதைக் கேட்ட கணக்குகளில் 69 சதவீதத்தை ஐஆர்எஸ் தணிக்கைக்கு எடுத்தது. அவ்வளவு பேரும் திருடர்களா என்ன, பெரும்பாலோர் காகிதம் அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, பணத்தை வாங்கினார்கள். இப்போது மறுபடி ரொக்கப் பகுதி வந்திருப்பதால் ஒரு கடிதம் வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள்.

அப்புறம், ஒன்றரை வருடமாகப் பிள்ளைகள் உங்களோடு இருக்கிறார்கள் என்றால் 2024-ல் பாதி வருடத்துக்கு மேல் உங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். அரசு ஏஜென்சி உங்களிடம் ஒப்படைத்த ஃபாஸ்டர் பிள்ளையையும் வரியில் உங்கள் பிள்ளையாகக் காட்டலாம், தத்து முடிந்திருக்க வேண்டியதில்லை. 2024 கணக்கில் அவர்களைச் சேர்த்தீர்களா? சேர்க்கவில்லை என்றால் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் ஆளுக்கு 2,000 வீதம் 4,000 டாலர் உங்களுடையது அங்கே கிடக்கிறது, திருத்தக் கணக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு. பெற்ற குடும்பத்தில் யாராவது அதே பிள்ளைகளின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் போட்டு முன்னாடியே தாக்கல் செய்திருந்தால் உங்கள் கணக்கு திருப்பி அனுப்பப்படும், அப்போது கேஸ்வொர்க்கரிடம் ஒப்படைப்புக் கடிதம் வாங்கி நிரூபிக்கலாம். ஃபாஸ்டரில் வளர்ந்த பிள்ளைகளின் எண்ணை வேறு யாரோ கடனுக்கும் கரண்ட் பில்லுக்கும் பயன்படுத்தியிருப்பது நீங்கள் நினைப்பதைவிட சகஜம், இருவரின் பெயரிலும் கிரெடிட் ரிப்போர்ட், அதாவது கடன் வரலாற்று அறிக்கை, இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 7 வயதுப் பையன் பெயரில் ரிப்போர்ட்டே இருக்கக் கூடாது.

உங்கள் இருவரின் கம்பெனிகளிலும் தத்து உதவித் திட்டம் இருக்கிறதா என்றும் எச்.ஆரிடம் கேளுங்கள். பெரிய ஐடி கம்பெனிகள் பலவற்றில் இருக்கிறது, கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை. எழுத்துப்பூர்வமான திட்டமாக இருந்தால் அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் மட்டும் உண்டு. கம்பெனி தரும் வருடாந்திரச் சம்பளச் சான்றான டபிள்யூ-2-வில் 12-வது பெட்டியில் T என்ற எழுத்தோடு வரும். விடுப்பும் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியில் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு சட்டப்படி உண்டு, ஆனால் அது பிள்ளை வீட்டுக்கு வந்த நாளில் இருந்து 12 மாதத்துக்குள் எடுக்க வேண்டியது. நீங்கள் ஃபாஸ்டராக வந்தபோதே அந்தக் காலம் ஓட ஆரம்பித்திருக்கலாம், அதனால் இப்போது அதை நம்பி பிளான் போடாதீர்கள்.

குடியுரிமை விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். அரசுக்குச் சுமையாவாரா என்ற பரிசோதனை கிரீன் கார்டு கொடுக்கும் கட்டத்தில் பார்ப்பது, குடியுரிமை விண்ணப்பத்தில் அது கிடையாது. அதோடு மெடிக்எய்ட் வாங்குவது பிள்ளைகள், நீங்கள் இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான் பார்க்கச் சொல்வது இவை. இரண்டு பிள்ளைக்கும் தனித்தனி ஒப்பந்தம் இருக்கிறதா. தேதி தீர்ப்புக்கு முந்தையதா. மாதத் தொகை, மெடிக்எய்ட், ஒருமுறைச் செலவு மூன்றும் எழுத்தில் இருக்கிறதா. பையனுடைய தேவை நிலை எதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. அவனுக்குப் பேச்சுத் தெரபிஸ்ட் கொடுத்த அறிக்கை, பள்ளியில் சிறப்புக் கல்வித் திட்டம் ஏதாவது போட்டிருந்தால் அதன் நகல், டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன்னாலேயே கேஸ்வொர்க்கரிடம் கொடுத்து, இதற்கு மேல்நிலைத் தொகை பொருந்துமா என்று கேளுங்கள். கேட்பது பேரம் இல்லை, பேசி முடிவு செய்ய வேண்டிய தொகை என்றுதான் சட்டமே சொல்கிறது. டெக்ஸஸில் பிள்ளையின் உடல்நலம், படிப்பு, குடும்ப வரலாறு, மரபுவழி நோய்கள் பற்றிய ஒரு அறிக்கையை உங்களுக்குத் தர வேண்டும், பெயரை மறைத்த முழுக் கோப்பையும் படிக்கக் கேட்கலாம். பல பக்கங்கள் இருக்கும், படிக்கக் கஷ்டமாகவும் இருக்கும், ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள், அதில் இருக்கிற ஒரு வரி பத்து வருடம் கழித்து ஒரு டாக்டருக்குத் தேவைப்படலாம்.

மாதத் தொகை உங்கள் வீட்டுச் செலவுக்குத் தேவையில்லை என்றால் பிள்ளைகளின் பெயர் சொல்லித் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், பல் கம்பி, நீச்சல் வகுப்பு, தெரபி, முதல் கார் என்று அதற்கு வழி தன்னால் வரும். வீடு மாறினால், பிள்ளை பள்ளியை நிறுத்தினால் ஏஜென்சிக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் அனுப்புகிற கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

தீர்ப்பு அன்று கோர்ட்டிலேயே சான்றளிக்கப்பட்ட நகல் ஐந்தாறு கேட்டு வாங்கிவிடுங்கள். புதுப் பெயரில் சோஷியல் செக்யூரிட்டி அட்டைக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு, இன்சூரன்ஸுக்கு, ஐஆர்எஸ் கோப்புக்கு என்று ஒவ்வொன்றாகப் போய்விடும். ஜனவரியில் வரி தாக்கல் செய்ய அவசரப்படாதீர்கள், அட்டையில் பெயர் மாறிய பிறகு அதே பெயரில் தாக்கல் செய்யுங்கள்.